தெரியும் என்று சொல்லாத அஞ்சலை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். நல்ல வார்த்தை சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பயந்த கதையைச் சொல்கிறேன். இந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது எல்லாம் பயத்தில் கற்றுக்கொண்டதுதான். கூட்டம் கூடி நிற்கும் இடத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். தீபாவளிக்கு முன்னால் நேரு வீதிக்குத் துணி எடுக்கப் போவதையே விட்டுவிட்டேன். என் மருமகள் அதைச் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை.

நமக்கு என்ன வேலை என்று வெளியே யாராவது கேட்டால், சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். உங்களுக்கு ஒரு தடவை சொல்கிறேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்கள் நம் ஊர் முழுக்க இருக்கிறார்கள். கோயில் மண்டபத்தில், மாதா கோயில் பின்கட்டில், பழைய மில் தொழிலாளர் தெருக்களில், கடற்கரைக் குப்பங்களில் என்று எங்கெங்கோ வேலை செய்கிறார்கள். சம்பளம் கிடையாது, படித்த சான்றும் கிடையாது. ஆனால் வேலை தெரியும். உண்மையிலேயே தெரியுமா என்று நேரில் போய்ப் பார்த்து, தெரியும் என்றால் திறன் சான்றிதழ் கொடுப்பது நம் வேலை. அந்தத் தாளைக் காட்டினால் சில மழலையர் பள்ளிகளில் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நாம் கையெழுத்துப் போட்டால், நம்மை முன்பின் பார்த்திராத ஒரு தாய் தன் பிள்ளையை அந்த ஆளிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். அந்தக் கையெழுத்தை நினைத்து உங்களுக்கு இன்னும் பயம் வரவில்லை என்றால் பரவாயில்லை, சீக்கிரம் வரும்.

அஞ்சலை என்ற பெண்ணைப் பார்க்க நான் போனது, நகரத்துக்குள்ளேயே இருக்கும் மீனவக் குப்பங்களில் ஒன்றுக்கு. எந்தக் குப்பம் என்று சொல்லமாட்டேன். அங்கே இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ. அஞ்சலை வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து அந்தக் குப்பத்துக்கு வாழ வந்தவள். காலையில் பெண்கள் மீன் விற்கப் போனால் திரும்பி வரும் வரை அவர்களுடைய சின்னப் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்வாள். வலை பின்னுவதற்காகக் கட்டிய கூடத்தில் ஒரு பாதியை இதற்காக விட்டிருந்தார்கள். சும்மா பார்த்துக்கொள்ள ஆரம்பித்து வருடங்கள் ஓடிவிட்டன. அவள் புருஷனுக்குப் படகில் அடிபட்டு முதுகு போய்விட்டது, கடலுக்குப் போவதில்லை. நகரத்தில் ஒரு மழலையர் பள்ளி அவளை ஆயம்மாவாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. பள்ளி திறப்பதற்குள் நம் சான்றிதழ் வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அது கிடைத்தால் அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வரும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

பார்வை நாள் என்று நாம் சொல்லும் நாளைப் பற்றி உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு நாம் வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகளின் பெயரைக் கேட்கக் கூடாது, தூக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது. நாம் அங்கே இருப்பதையே பிள்ளைகள் மறந்துவிட வேண்டும். அப்போதுதான் அந்தத் தொண்டர் தினமும் எப்படி வேலை செய்கிறார் என்பது தெரியும். நாம் பாதியில் குறுக்கிட்டுவிட்டால் அந்த நாள் செல்லாது, இன்னொரு நாள் முதலிலிருந்து பார்க்க வேண்டும். இந்த விதியை உண்டாக்கியவர் அப்போது நிறுவனத்தை நடத்திவந்த அம்மாள். பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். நான் விதியைக் காப்பதில் மதாமையே மிஞ்சியவள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் பார்த்துக்கூடச் சிரிக்காமல் எழுந்து வந்திருக்கிறேன். அதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் ஊரில் ஒரு புரளி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது, பெண்கள்தான் வருகிறார்கள், பார்த்தால் டீச்சர் மாதிரி இருப்பார்கள் என்று யாரோ பதறிப் பதறிப் பேசிய குரல் எல்லோருடைய போனிலும் வந்தது. என் போனுக்கும் வந்தது. நானே அதை என் தங்கைக்கு அனுப்பிவைத்தேன்.

காலையில் நான் போனதும் அஞ்சலை இஞ்சி தட்டிப் போட்ட டீ கொடுத்தாள். நான் படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டதைக் கவனித்து, "கால் வலியா மேடம்?" என்று கேட்டாள். கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை. அதனால் காற்று வரும் என்று வாசலிலேயே எனக்கு நாற்காலி போட்டாள். பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அந்த வாசல்தான் தினமும் அவள் உட்காரும் இடம். குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். அவளைத் தாண்டாமல் ஒரு பிள்ளையும் வெளியே போக முடியாது. வந்த விருந்தாளிக்கு மரியாதை செய்வதற்காக அந்த இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். பார்க்க வந்த நான், பார்க்க வேண்டிய விஷயத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். நம் வேலையில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது.

மத்தியானம் பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பாயை நனைத்துவிட்டான். அஞ்சலை கடைசி மூலையில் அவனுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள், முதுகு எங்கள் பக்கம் இருந்தது. மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை எழுந்தது. நாலு வயது இருக்கும். நேரே என்னிடம் வந்து என் முகத்தைப் பார்த்தது. நான் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தேன். அது என் நாற்காலியை உரசிக்கொண்டு வெளியே போய்விட்டது.

அஞ்சலை திரும்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரும்பவில்லை. கூப்பிட்டால் பார்வை நாள் செல்லாமல் போகும், இன்னொரு நாள் குறிப்பதற்குள் பள்ளி திறந்துவிடும், அவள் வேலை போய்விடும். கூப்பிடாமல் இருந்தால் குழந்தை தெருவில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதாக என் புத்திக்குத் தோன்றியது. படியிலேயே குழந்தையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்ப உட்கார்ந்துகொள்ளலாம். பையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து போனேன். பைக்குள் போன், அடையாள அட்டை எல்லாம் இருந்தன. அட்டை கழுத்தில் தொங்கினால் பிள்ளைகள் பிடித்து இழுப்பார்கள் என்று காலையிலேயே கழற்றி வைத்திருந்தேன்.

படியில் குழந்தை இல்லை. சந்தின் முனையில் மஞ்சள் கவுன் திரும்புவது மட்டும் தெரிந்தது. நான் ஓடினேன். ஓடி எத்தனை காலம் ஆகியிருந்ததோ, முழங்கால் உயிரை வாங்கியது. சந்து முடிந்ததும் மணல், மணலில் வரிசையாகப் படகுகள். படகுகளுக்கு நடுவில் குழந்தையைக் காணவில்லை. அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நான் ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள், அன்றைக்குத்தான் அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கடைசிப் படகைச் சுற்றி வந்தபோது குழந்தை தண்ணீர் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. அலை வந்து கால் நனைந்து, காலடி மணல் கரைந்து, குழந்தை ஆடியது. நான் பாய்ந்துபோய் அதைத் தூக்கினேன்.

என் கை பட்டதும் அது வீறிட்டது. சும்மா அழவில்லை. "அஞ்சலக்கா! அஞ்சலக்கா!" என்று ஊரைக் கூட்டியது. முன்பின் தெரியாத ஆள் தூக்கினால் என் பெயரைச் சொல்லிக் கத்துங்கள் என்று அஞ்சலை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். குழந்தை நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தது.

வலை சரிபார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அவர்கள் பின்னால் இன்னும் சிலர். எங்கிருந்து வந்தார்களோ, மூச்சு விடுவதற்குள் என்னைச் சுற்றி ஆட்கள்.

"ஏம்மா, யாரு நீ? பிள்ளய எங்க தூக்கினு போற?"

"கூடத்துக்குத்தான். அங்கேருந்து ஓடி வந்துட்டா."

"பிள்ள பேரு இன்னா?"

பெயர் கேட்கக் கூடாது என்பது விதி. நான் விதிப்படி நடந்தவள்.

"பேரு கேக்கறாங்க இல்ல? சொல்லு."

"தெரியாதுங்க."

"பேரே தெரியாம தூக்கினு போறியா? எந்த ஊரு நீ? கார்டு எதுனா இருக்கா?"

"பையில இருக்கு. பை கூடத்துல இருக்கு."

"போன் எங்க?"

"அதுவும் பையிலதான்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அன்னிக்கு போன்ல வந்துதே, டீச்சர் மாதிரியே இருப்பாங்கன்னு. பாரு, அதே மாதிரி கீறா."

நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் ஒன்றுகூட நம்புகிற மாதிரி இல்லை. எனக்கே அது தெரிந்தது. யாரோ குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கினார்கள். யாரோ என் கொண்டையைப் பிடித்தார்கள். கண்ணாடி மணலில் விழுந்தது. தடவி எடுத்தபோது ஒரு பக்கத்துச் சில்லு இல்லை. ஒரு கை என் தோளில் விழுந்தது, அடியா தள்ளலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செத்துப்போய்விடுவேன் என்று நினைத்தேன். என் மகனுக்கு யார் எப்படிச் சொல்வார்கள், பிள்ளை பிடிக்கப் போனவள் என்றா சொல்வார்கள் என்று நினைத்தேன். சாவதைவிட அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

அப்போது அஞ்சலை ஓடி வந்தாள். கூட்டம் வழிவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மற்ற பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தாள் என்ற கேள்வி அந்த நிலையிலும் என் தலைக்குள் வந்தது. தொழில் புத்தி அப்படிப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரை வாசலில் உட்காரவைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. முதலில் குழந்தையை வாங்கிக்கொண்டாள். கை, கால், கழுத்து, முதுகு என்று கவுனைத் தூக்கிப் பார்த்தாள்.

"மது, உன்ன யாருடா தூக்கனது?"

குழந்தை விரலை நீட்டி என்னைக் காட்டியது. கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அதை வார்த்தையில் சொல்ல எனக்கு வராது.

நரைத்த மீசைக்காரர் ஒருவர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "அஞ்சல, நீ சொல்லு. இந்தம்மாவ உனக்குத் தெரியுமா?"

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கால் வலியோடு வீட்டுக்குப் போய்விடலாம். அஞ்சலை என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"காலையிலதான் வந்தாங்க. ஆபீசுலேருந்து வரேன்னு சொன்னாங்க. எனக்குத் தெரியாது."

"அஞ்சல! என்னம்மா சொல்ற? நீதானே எனக்கு டீ குடுத்த?" என்று கத்தினேன். ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருக்கக் கூடியவள் கத்திய கத்தலில் எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை.

"குடுத்தேன் மேடம். டீ யாருக்கு வேணா குடுப்பேன். பிள்ள விஷயத்துல எனக்கு யாரயும் தெரியாது."

கூட்டம் நெருங்கியது. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள். "யாரும் கை வைக்கக் கூடாது. இவங்க யாருன்னு தெரியற வரைக்கும் இவங்களும் போகக் கூடாது, நீங்களும் தொடக் கூடாது."

"நீ யாருடி அத சொல்ல?" என்றான் ஒருவன்.

"தெனம் உன் பிள்ளய யாருகிட்ட வுட்டுட்டுப் போறா உன் பொண்டாட்டி? அந்த அஞ்சலதான் சொல்றேன். தள்ளி நில்லு."

அவன் தள்ளி நின்றான். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிடி வலித்தது. கூடத்தை ஒட்டி, பழைய வலைகளும் மிதவைகளும் போட்டுவைக்கும் ஒரு சின்ன அறை இருந்தது. என்னை அதற்குள் விட்டு வெளியே பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதைச் சன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். பிறகு அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

உள்ளே மீன் கவிச்சியில் எனக்கு மூச்சு முட்டியது. வெளியே பேச்சு ஏறிக்கொண்டே போனது. கதவை உடைக்கலாம் என்று ஒரு குரல், கூட வந்தவர்கள் எங்கே என்று கேளுங்கள் என்று ஒரு குரல். மீன் கூடையோடு ஓடி வந்த ஒரு பெண், அவள்தான் மதுவின் அம்மா, குழந்தையை முதுகில் ஒன்று வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை கூட்டத்தை இன்னும் கிளப்பிவிட்டது. கூரையில் ஏதோ வந்து விழுந்தது. நான் வலைக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், தெரியாததையும் கூப்பிட்டேன்.

அஞ்சலை போனில் பேச முயன்றுகொண்டிருந்தாள். யாரோ என் பையிலிருந்து அட்டையை எடுத்துவந்து, "இதுல நம்பர் கீதே, இதுக்குப் போடு" என்றார்கள்.

"அது வேணாம். கார்டு அடிச்சவன் நம்பரும் சேத்துத்தான அடிச்சிருப்பான்? நான் மனு குடுக்க ஆபீசுக்குப் போனப்ப அங்க போர்டுல பாத்து எழுதினு வந்த நம்பர் எங்கிட்ட கீது."

மணி அடித்து நின்றது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்து நின்றது. அலுவலகத்தில் அது சாப்பாட்டு நேரம். மதாம் சாப்பிடும்போது போனைத் தொடமாட்டார். அந்தக் கட்டுப்பாட்டையும் நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள்தான்.

சிவப்புத் தொப்பிகள் கூட்டத்துக்கு மேலே தெரிந்தன. யாரோ சொல்லி வந்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள். அவர்கள் விசாரித்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்தே போன் வந்தது. அஞ்சலை எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள். நம்ம ஆள்தான் என்று மதாம் சொன்னதோடு அவள் விடவில்லை.

"பேரு கார்டுலயே கீதும்மா. அத நானே படிப்பேன். ஆளு எப்படி இருப்பாங்க, அத சொல்லுங்க."

மதாமின் குரல் கொஞ்சம் தயங்கியது. "ஒசரமா இருப்பாங்க. ஒரு முழங்கால் சரியில்ல. வாயத் திறக்கவே மாட்டாங்க. பயம் வந்தா கண்ணாடியக் கழட்டி தொடைச்சிக்கிட்டே இருப்பாங்க."

சன்னலில் முகங்கள் நெருக்கின. நான் வலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து, சில்லு இல்லாத கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் நான் பிழைத்தேன்.

அஞ்சலை பூட்டைத் திறக்க வந்தாள். சாவி துவாரத்தில் நுழையவே இல்லை, மீசைக்காரர்தான் வாங்கித் திறந்தார். கூட்டம் கலைந்த பிறகு அவள் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பயந்துட்டீங்களா மேடம்? எனக்கும் ஈரக்கொல நடுங்கிப்போச்சு. பிள்ள வெளிய போனது என் தப்புதான். அத எழுதிக்குங்க. ஆனா உங்கள உள்ள வெச்சுப் பூட்டனது தப்பில்ல."

நான் பதில் சொல்லவில்லை. அந்தத் தடவை விதிக்காக வாய் மூடிக்கொண்டிருக்கவில்லை, அத்தனை கோபம். அலுவலகத்துக்குப் போய் மதாமிடம் கொட்டித் தீர்த்தேன். காலையில் டீ கொடுத்தவள், என் முகத்தைப் பார்த்து, தெரியாது என்று சொல்கிறாள். கண்ணெதிரில் என்னை அடித்துக் கொன்றிருப்பார்கள். இவளை எப்படி ஒரு பள்ளிக்கு அனுப்புவது என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுங்கள், நாளைக்குப் பேசலாம் என்று மதாம் அனுப்பிவைத்தார்.

எனக்கு வீடு அரியாங்குப்பத்தில். பஸ்ஸில் சன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண், மடியில் தூங்கும் குழந்தை, காலடியில் இரண்டு பைகள். நடத்துநர் வந்ததும் அவள் என் பக்கம் திரும்பி, "அம்மா, இவள கொஞ்சம் புடிங்க, பர்ஸ எடுக்கணும்" என்றாள். நான் சரி என்று சொல்வதற்கு முன்பே குழந்தை என் கையில் இருந்தது. அவள் குனிந்து பையைத் துழாவ ஆரம்பித்துவிட்டாள்.

குழந்தை தூக்கத்தில் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. என் தலைமுடி அவிழ்ந்திருந்தது, கண்ணாடியில் ஒரு சில்லு இல்லை, புடவையெல்லாம் மணல். அப்படியும் அவள் என்னை யாரென்று கேட்கவில்லை. பார்த்தால் டீச்சர் மாதிரி இருக்கிறேன். அவளுக்கு அது போதும். இந்த நிறுத்தத்தில் நான் இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். கூட்டத்துக்கு நடுவில் எனக்கு வந்த பயத்தைவிட அதிகப் பயம் அப்போது வந்தது. அது என்னைப் பற்றிய பயம்கூட இல்லை. எத்தனை பேர் இப்படிக் கொடுக்கிறார்கள், எத்தனை கைகளில் கொடுக்கிறார்கள் என்ற பயம்.

குழந்தையைத் திருப்பிக் கொடுத்த பிறகு கணக்குப் பார்த்தேன். அஞ்சலை தெரியும் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கும்பிட்டிருப்பேன். நன்றியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். அவளுக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? அவள் வேலை என் பேனாவில் இருந்தது. என்னைக் காப்பாற்றிவிட்டால் சான்றிதழ் கையில். ஆனால் காலையில் ஓர் அட்டையோடு வந்து, டீ குடித்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பிள்ளையோடு கடற்கரையில் நின்ற பெண்ணைத் தெரியும் என்று அவள் எப்படிச் சொல்வாள்? தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை. அதற்காக என்னை அடிக்கவும் விடவில்லை. இரண்டையும் அவள் ஒரே மூச்சில் செய்தாள். எத்தனையோ பார்வை நாட்களில் நான் சுவரோடு சுவராக உட்கார்ந்து தேடியது அதைத்தான். என் உயிரைப் பணயம் வைத்து அதைப் பார்க்க நேர்ந்ததால் அது திறமையாகத் தெரியவில்லை, துரோகமாகத் தெரிந்தது.

மறுநாள் இதை அப்படியே மதாமிடம் சொன்னேன். பிள்ளை வெளியே போனதையும், யார் அவளுடைய வாசலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பூட்டிவைக்கப்பட்டவள் போடும் மதிப்பெண் செல்லாது என்று மதாம் சொல்லிவிட்டார், அது நியாயம்தான். பள்ளி திறக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் உடனே வேறொருவரை அனுப்பினார். உங்களைப் போலப் புதிதாக வந்தவர், நல்ல பிள்ளை, கொஞ்சம் சுருக்கென்று கோபம் வரும். என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்பது மதாமின் உத்தரவு. எங்கே போனாலும், தொண்டர் வழக்கமாக உட்காரும் இடம் எது என்று முதலில் கேட்டு அதைவிட்டுத் தள்ளி உட்கார வேண்டும் என்ற வரி நம் விதிகளில் சேர்ந்தது அந்த வாரம்தான். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று பட்டால் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழ வேண்டும் என்ற வரியும் அப்போதுதான் சேர்ந்தது. நீங்கள் அவற்றைப் படித்துவிட்டு, இதையெல்லாமா எழுதிவைப்பார்கள் என்று சிரித்திருப்பீர்கள்.

அந்தத் தம்பி போன அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவமானப்பட்டவள் நான், ஆனால் அஞ்சலைக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நடந்ததற்குப் பிறகு, ஆபீசிலிருந்து யார் வந்தாலும் காலைப் பிடிக்காத குறையாக வரவேற்றுவிடுவாளோ என்று பயம். ஒருமுறை சூடுபட்டவர்கள் அப்படித்தான் மாறிவிடுகிறார்கள், நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் மதாமும் நானும் இருந்த அறைக்கு அவர் திரும்பி வந்தார். முகம் வெயிலில் கறுத்துச் சிவந்திருந்தது.

"என்ன மேடம் இது, என்னை வாசல்லயே நிக்க வச்சுட்டாங்க. கார்ட நீட்டினேன். வாங்கிப் பாத்துட்டு, 'இருங்க சார்'னு கதவச் சாத்திட்டு ஆபீசுக்குப் போன் போடறாங்க. அது எடுக்கற வரைக்கும் மொட்டை வெயில்ல நிக்கறேன். முன்ன அங்க போனது நீங்கதானேன்னு உங்க பேரச் சொன்னேன், அவங்க ஆபீசுலேருந்துதாம்மா வரேன்னு."

"என்ன சொன்னாங்க?"

"'அவங்களே வந்தாலும் இதேதான் சார்' அப்படின்னாங்க."

நான் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். சான்றிதழ் எப்போது தயாராகும் என்று கேட்டேன். மதாம் அதற்குள் பேனாவை எடுத்திருந்தார்.